1950-களின் கைமுடுக்கு வாட்ச்: வெடித்த கண்ணாடிக்குப் பதில் எதைப் போடுவது?

கைமுடுக்கு எழுதியது:

வணக்கம். 1950-களைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு ஸ்விஸ் வாட்ச் கைக்கு வந்திருக்கிறது. சாவி கொடுத்து ஓடும் ரகம், 17 கல், நடுவில் நொடிமுள், தேதி கிடையாது. சாவி கொடுக்கும் கிரவுனைச் சேர்க்காமல் கேஸ் (உலோகக் கூடு) 34 மி.மீ. பின்மூடி திருகு வகை. மிஷின் நன்றாக ஓடுகிறது, நேரமும் பெரிதாகத் தவறவில்லை.

பிரச்சினை கண்ணாடியில்தான். மேலே முழுக்கக் கீறல். 2 மணிப் பக்கம் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு கோடு போகிறது. கொஞ்சம் மஞ்சளும் பாய்ந்திருக்கிறது. தட்டினால் பிளாஸ்டிக் சத்தம்தான் வருகிறது.

இனி கீறலே விழாதபடி சஃபையர் கண்ணாடி போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா? அளவு எப்படி எடுப்பது? மேலே ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 30 மி.மீ. வருகிறது.

நடுநொடி எழுதியது:

சஃபையர் போடுங்க, யோசிக்கவே வேண்டாம். மோஸ் கடினத்தன்மை அளவில் சஃபையர் 9, உங்க வாட்ச்ல இருக்கற பிளாஸ்டிக், அதான் அக்ரிலிக், 3 பக்கம்தான். தினமும் கட்டுற வாட்ச்சுக்கு அக்ரிலிக் போட்டா மாசாமாசம் பாலிஷ் போட்டுக்கிட்டே இருக்கணும். கதவு நிலையில ஒரு தடவை இடிச்சா போச்சு.

பழையபெட்டி எழுதியது:

நடுநொடி, எழுபது வயது வாட்ச்சுக்குச் சஃபையரா? அந்தக் காலத்து வாட்ச்களுக்கு அக்ரிலிக்தான் அழகு. சஃபையர் போட்டால் டயல் ஏதோ அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிவைத்தது மாதிரி ஆகிவிடும். அந்த மேடு, ஓரத்தில் எண்கள் லேசாக வளைந்து தெரிவது, எல்லாம் போய்விடும்.

நடுநொடி எழுதியது:

அழகு அவரவர் கண்ணுல இருக்கு சார். எனக்கு டயல் தெளிவாத் தெரியணும். சஃபையர்தான் தெளிவு.

பதினேழுகல் எழுதியது:

தெளிவு விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். ஒளிவிலகல் எண் அக்ரிலிக்குக்கு 1.49, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52 பக்கம், சஃபையருக்கு 1.77. எண் கூடக்கூட மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் கூடும். கணக்குப் போட்டால் அக்ரிலிக்கின் ஒரு பரப்பில் 4 சதவீதம் திரும்புகிறது. சஃபையரில் அதைப் போல இரண்டு மடங்கு, 8 சதவீதத்துக்குக் கிட்ட. மேல் பரப்பு, அடிப் பரப்பு இரண்டையும் சேர்த்தால் பூச்சு இல்லாத சஃபையர் 15 சதவீத வெளிச்சத்தை உங்கள் முகத்திலேயே திருப்பி அடிக்கும். அதனால்தான் சஃபையருக்கு எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு தேவைப்படுகிறது. அந்தப் பூச்சு பல சமயம் நீல நிறத்தில் மின்னும். 50-களின் டயல் மேல் அந்த நீலத்தைப் பார்த்தால் பழையபெட்டி சாருக்கு ரத்தக்கொதிப்பு வரும்.

சும்மா ஒரு தகவல்: உங்கள் மிஷினில் அச்சுகளைத் தாங்கும் 17 சிவப்புக் கற்களும் சஃபையர் கண்ணாடியும் ஒரே பொருள்தான், அலுமினியம் ஆக்சைடு. குரோமியம் கொஞ்சம் சேர்ந்தால் சிவப்பு. 1902-ல் பிரெஞ்சுக்காரர் வெர்னாய் தீச்சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்தார். வாட்ச் கற்கள் மலிவானது அதற்குப் பிறகுதான்.

லூப்கண் எழுதியது:

தம்பி கைமுடுக்கு, சஃபையரா அக்ரிலிக்கா என்ற சண்டையை இவர்கள் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். கண்ணாடியை எது போடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யப்போவதில்லை, கேஸ்தான் முடிவு செய்யும்.

ஒன்று, கண்ணாடி உட்கார்ந்திருக்கும் பெசல் தனியாகக் கழன்று வருகிற வகையா, கேஸோடு ஒன்றாக இருக்கிறதா?

இரண்டு, கண்ணாடி ஓரத்தைச் சாய்வாகப் பாருங்கள். டயலைச் சுற்றி, கண்ணாடிக்கு உள்பக்கம், மெல்லிய உலோக வளையம் தெரிகிறதா?

மூன்று, அந்த 2 மணிக் கோட்டை நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் மேலே தட்டுகிறதா, இல்லை மேற்பரப்பு வழவழப்பாக இருந்து கோடு உள்ளுக்குள் மட்டும் தெரிகிறதா?

நான்கு, டயலிலும் முட்களிலும் பச்சை, மஞ்சள், பழுப்பு என்று ஏதாவது பூச்சு இருக்கிறதா? நான்காவதை அலட்சியம் செய்யாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

கைமுடுக்கு எழுதியது:

சார், பார்த்துவிட்டேன்.

பெசல் தனியாக இல்லை, கேஸோடு ஒன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடிக்குள்ளே வெள்ளி நிறத்தில் மெல்லிய வளையம் இருக்கிறது; இத்தனை நாளும் அதை டயலின் ஓரம் என்றே நினைத்திருந்தேன். கோடு நகத்தில் தட்டவில்லை, உள்ளேதான் இருக்கிறது, வெளிச்சத்தில் திருப்பினால் வெள்ளியாக மின்னுகிறது. எண்களுக்கு மேல் பழுப்பேறிய புள்ளிகள் இருக்கின்றன, முட்களின் நடுவிலும் அதே பழுப்பு. இருட்டில் ஒளிரவில்லை.

லூப்கண் எழுதியது:

பாதி வேலை முடிந்தது.

கோடு வெடிப்பு. மேலே தேய்த்தால் போகாது. வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போகும். மாற்றுவதென்று நீங்கள் எடுத்த முடிவு சரி.

வளையம் இருப்பதால் இது டென்ஷன் ரிங் வகை. சாதாரண அக்ரிலிக் கண்ணாடி கேஸின் விளிம்பைவிட ஒரு துளி பெரிதாக இருக்கும். அதைச் சுருக்கி உள்ளே வைத்து விட்டால் விரிந்து பள்ளத்தில் பிடித்துக்கொள்ளும். டென்ஷன் ரிங் வகையில் கண்ணாடியின் சுவருக்கு உள்பக்கம் உலோக வளையம் இறுக்கமாக ஏற்றியிருப்பார்கள். குடைக்கம்பி உள்ளிருந்து துணியை இழுத்து நிறுத்துவது போல அந்த வளையம் அக்ரிலிக்கை வெளிப்பக்கமாகத் தள்ளிக் கேஸின் சுவரோடு அழுத்தி வைக்கும். தண்ணீர் தாங்கும் என்று விற்கப்பட்ட திருகு மூடி வாட்ச்களில் இதுதான் வழக்கம். பசை கிடையாது, ரப்பர் கிடையாது, அழுத்தம் மட்டும்தான்.

இப்போது நடுநொடி சொன்ன சஃபையரை இந்தக் கேஸில் வைத்துப் பாருங்கள். சஃபையர் சுருங்கவும் செய்யாது, விரியவும் செய்யாது. அதைப் பிடிக்க நைலான் கேஸ்கெட், அதாவது இடைவெளியை அடைக்கும் வளையம், வேண்டும்; கேஸ்கெட்டுக்கு நேரான சுவர் வேண்டும், அடியில் தட்டையான படி வேண்டும். உங்கள் கேஸின் சுவர் அக்ரிலிக்குக்காகக் கடைந்தது. அதில் சஃபையர் உட்கார வேண்டுமென்றால் பசை போட வேண்டும், இல்லையென்றால் கேஸைக் கடைய வேண்டும். எழுபது வருஷக் கேஸைக் கடைசல் இயந்திரத்தில் கொடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நடுநொடி எழுதியது:

லூப்கண் சார், படி தட்டையா இருந்தா கேஸ்கெட்டோட சஃபையர் போடலாம்னு நீங்களே ஒத்துக்குறீங்க. நான் அப்படி ரெண்டு வாட்ச்ல போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன். டென்ஷன் ரிங் கேஸுன்னா சரி, விட்டுடறேன். ஆனா பொதுவா சஃபையர் தப்புன்னு எழுதிடாதீங்க.

லூப்கண் எழுதியது:

பொதுவாக எதையும் எழுதவில்லை. இந்தக் கேஸைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

கைமுடுக்கு எழுதியது:

அப்படியானால் மினரல் கண்ணாடி? கடினத்தன்மையில் நடுவில் வரும் என்று படித்தேன்.

வளையல்மணி எழுதியது:

மினரலும் கண்ணாடிதான் தம்பி, அதுவும் சுருங்காது. லூப்கண் சார் சஃபையருக்குச் சொன்ன அதே தடை இதற்கும் உண்டு. அதற்கு மேலும் ஒன்று: அக்ரிலிக் அடிபட்டால் கோடு விடும், மினரல் அடிபட்டால் தூளாகும். அந்தத் தூள் டயலைக் கீறும், முட்களுக்கு அடியில் போகும், மிஷினுக்குள் இறங்கிப் பற்சக்கரங்களுக்கு நடுவில் மாட்டும். மினரல் உடைந்த வாட்ச் வந்தால் உடனே கிரவுனை இழுத்து ஓட்டத்தை நிறுத்தப் பாருங்கள், சாவி கொடுக்காதீர்கள், கவிழ்த்துக் குலுக்காதீர்கள்.

கீறல் விழுந்தால் அக்ரிலிக்கை வீட்டிலேயே தேய்த்துக்கொள்ளலாம். மினரலில் அது லேசில் நடக்காது. கீறலும் விழும், உடையவும் செய்யும், பாலிஷும் ஏறாது. எனக்கு அதன் மேல் மரியாதை கிடையாது. சீக்கோவின் ஹார்ட்லெக்ஸ் மாதிரி பதப்படுத்திய மினரல் கண்ணாடியோடு பிறந்த வாட்ச் என்றால் அதற்கு அதையே போட வேண்டும். அது வேறு கதை.

பழையபெட்டி எழுதியது:

அக்ரிலிக்கைக் குறைவாக நினைப்பவர்களுக்கு: 1965-ல் நாசா சோதித்துத் தேர்ந்தெடுத்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இருந்தது அக்ரிலிக்தான். ஹெசலைட் என்று ஒமேகா வைத்த பெயர், பொருள் அதேதான். விண்கலத்துக்குள் கண்ணாடித் தூள் மிதக்கக் கூடாது. அக்ரிலிக் தூளாகாது.

பதினேழுகல் எழுதியது:

அதே கதையின் மறுபக்கமும் இருக்கிறது. 1971 ஆகஸ்டில் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் இரண்டாவது நடையை முடித்துத் திரும்பியபோது அவருடைய ஸ்பீட்மாஸ்டரின் கண்ணாடி கழன்று போயிருந்தது. மூன்றாவது நடைக்குத் தம்மிடம் இருந்த புலோவா வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போனார். 2015-ல் அந்தப் புலோவா ஏலத்தில் 16 லட்சம் டாலருக்கு மேல் போனது.

அக்ரிலிக் உடையவில்லை, ஆனால் கழன்றது. அழுத்தத்தில் மட்டும் நிற்கிற பொருளுக்கு அளவு எவ்வளவு முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கைமுடுக்கு எழுதியது:

சரி, அக்ரிலிக், டென்ஷன் ரிங்கோடு. அளவு 30 என்று வாங்கிவிடலாமா? வாங்கியதும் நானே மாற்றிவிட முடியுமா? லூப்கண் சார் நான்காவது கேள்வியின் காரணத்தைச் சொல்லவில்லை.

லூப்கண் எழுதியது:

நான்காவது கேள்விதான் முதலில். அளவு பிறகு.

1950-களின் வாட்ச், பழுப்பேறிய ஒளிர்பூச்சு, இருட்டில் ஒளிராது. இது கதிர்வீச்சு விடும் ரேடியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒளிராததால் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். செத்தது ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்பைடு. ஒளிர்வது அதன் வேலை, அது தேய்ந்துபோனது. ரேடியம் 226-ன் அரை ஆயுள் 1600 ஆண்டு. எழுபது வருஷம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பின்னாளில் வந்த டிரிட்டியம் அப்படி இல்லை, அரை ஆயுள் 12 ஆண்டுக்குச் சற்று மேல். அந்த வாட்ச்களில் டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லுக்கு இரு பக்கமும் டி எழுத்து அச்சிட்டிருப்பார்கள்.

கண்ணாடி மூடியிருக்கும் வரை பூச்சிலிருந்து வரும் ஆல்ஃபா கதிர் கண்ணாடியைத் தாண்டாது. திறந்தால் அபாயம் தூளில் இருக்கிறது. பழைய பூச்சு பொரிந்து உதிரும். அது மூச்சில் போகக் கூடாது, வாயில் போகக் கூடாது. 1920-களில் அமெரிக்காவில் ரேடியம் டயல்களுக்கு வண்ணம் தீட்டிய பெண்கள் தூரிகையை உதட்டில் கூராக்கிக் கூராக்கித்தான் நோய்வாய்ப்பட்டார்கள்.

ஆகவே, நீங்களே திறக்காதீர்கள். ரேடியம் டயலைக் கையாளத் தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுங்கள், கொடுக்கும்போதே பூச்சைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். டயலை ஊதக் கூடாது, வாயாலும் சரி, ரப்பர் பல்பாலும் சரி. பூச்சைச் சுரண்டக் கூடாது.

கைமுடுக்கு எழுதியது:

இது எனக்குத் தெரியவே தெரியாது சார். மேசையில் வைத்துத் திறந்து பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். ரிப்பேர்காரரிடம் கொடுக்கிறேன். ஆனால் கண்ணாடியை நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும் என்கிறார், அவரிடம் இந்த வகை இல்லையாம்.

வளையல்மணி எழுதியது:

அப்படியானால் அளவைப் பற்றிப் பேசலாம். நான் இதில்தான் அதிகம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

மேலிருந்து ஸ்கேல் வைத்து எடுத்த 30 எதற்கும் உதவாது. டென்ஷன் ரிங் கண்ணாடியின் நிஜ விட்டம் கேஸின் உதட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். மேலே தெரிவது கொஞ்சம் குறைவாகவே இருக்கும். கண்ணாடியைக் கழற்றிய பிறகு இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள். கேஸின் பள்ளத்து உள்விட்டம் ஒன்று, பழைய கண்ணாடியின் வெளிவிட்டம் இன்னொன்று. இரண்டையும் காலிப்பரில், 12-6 திசையிலும் 3-9 திசையிலும் எடுக்க வேண்டும். பழைய கேஸ்கள் எல்லாமே முழு வட்டமாக இருப்பதில்லை.

நம்ப வேண்டியது கேஸின் அளவை. பழைய அக்ரிலிக் காலப்போக்கில் சுருங்கியோ கோணியோ இருக்கலாம். அது மூலக் கண்ணாடிதான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நடுவில் யாராவது கைக்குக் கிடைத்ததைத் திணித்திருக்கலாம்.

புதுக் கண்ணாடி கேஸின் உள்விட்டத்தைவிட ஒரு துளி பெரிதாக இருக்க வேண்டும். துளி என்றால் 0.1 மி.மீ. அளவில். ஸ்டெர்ன்க்ரோய்ட்ஸ் மாதிரி ஜெர்மன் தயாரிப்புகள் 0.1 மி.மீ. இடைவெளியில் வரிசையாகக் கிடைக்கும். ஒன்றுக்கு இரண்டாக, அடுத்தடுத்த அளவில் வாங்கிவிடுங்கள். சின்னது போட்டால் சுற்றும், கழலும். பெரிதாகத் திணித்தால் சுவரில் நுண்வெடிப்பு விடும். அன்றைக்குத் தெரியாது, சில மாதம் கழித்துத் தெரியும்.

தளர்ந்த கண்ணாடியைப் பசை போட்டு நிறுத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உங்கள் ரிப்பேர்காரர் அப்படிச் செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள். அளவு தப்பு என்றால் வேறு அளவுதான் மருந்து. சூப்பர் க்ளூ போட்டால் அதன் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும், டயலிலும் படியும்.

நடுநொடி எழுதியது:

அக்கா சொன்னதோட உயரத்தையும் சேர்த்துக்கங்க. நடுவுல நொடிமுள் இருக்குற வாட்ச்னா மூணு முள்ளும் ஒண்ணு மேல ஒண்ணா நிக்கும், நொடிமுள்ளோட தலைதான் உச்சி. கண்ணாடி மேடு கம்மியா இருந்தா அது போய் இடிக்கும். வாட்ச் நின்னுடும், இல்லேன்னா நொடிமுள் சில இடத்துல மட்டும் தயங்கும். மிஷின்ல கோளாறுன்னு நினைச்சுப் பிரிச்சுடுவாங்க.

நான் செய்யற சோதனை: நொடிமுள் தலைமேல டயல் மண்ணு, அதான் ரிப்பேர்காரங்க வச்சிருக்கற பச்சைக் களிம்பு, அதுல ஒரு பொடித் துணுக்கு ஒட்டி, கண்ணாடியை அதும் இடத்துல வச்சுப் பார்த்துட்டு எடுக்கணும். துணுக்கு நசுங்கியிருந்தா எவ்வளவு இடைவெளி மிச்சம்னு கண்ணுக்குத் தெரியும். ரேடியம் டயல்ல மட்டும் ரிப்பேர்காரரே கவனமாச் செய்யட்டும், தலைமேல மட்டும் படணும், பூச்சுல படக் கூடாது.

பழையபெட்டி எழுதியது:

நடுநொடியோடு முதல்முறையாக உடன்படுகிறேன். உயரம் இடிக்காமல் இருப்பதற்கு மட்டுமல்ல, முகத்துக்கும் அதுதான் முக்கியம். ஒரே விட்டத்தில் தாழ்மேடு, உயர்மேடு, பக்கச்சுவர் செங்குத்தாக எழுந்து மேலே தட்டையாக முடிகிற பெட்டி வடிவம் என்று பல உண்டு. 34 மி.மீ. வாட்ச்சில் கண்ணாடி ஒரு மி.மீ. உயர்ந்தாலே வேறு வாட்ச் ஆகிவிடும். அந்த மாடலின் பழைய விளம்பரங்கள், பக்கவாட்டில் எடுத்த படங்கள் கிடைத்தால் முதலில் பாருங்கள். பழைய கண்ணாடியின் மேட்டையும் கேஸின் உதட்டுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள், கழற்றுவதற்கு முன்பே.

இன்னொன்று, வளையத்தின் நிறம். வெள்ளியிலும் தங்கத்திலும் வரும். உங்களுடையது வெள்ளி, வெள்ளியாகவே கேளுங்கள். வளையத்தின் அகலமும் பார்க்க வேண்டும். அகலமாக இருந்தால் டயலின் நிமிடக் கோடுகளை மூடிவிடும். இதைக் கடைகளில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பழைய கண்ணாடியின் நடுவில், உள்பக்கத்தில், நிறுவன முத்திரை ஏதாவது பொடியாக இருக்கிறதா என்று லூப்பில், அதாவது உருப்பெருக்கியில், பாருங்கள். ஒமேகா அப்படிச் செய்வதுண்டு, நடுவில் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னமாக. முத்திரை இருந்தால் வெடித்திருந்தாலும் தூக்கிப் போடாமல் ஒரு சின்னப் பையில் வாட்ச்சோடு வைத்திருங்கள்.

பதினேழுகல் எழுதியது:

மஞ்சள் நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 50-களின் அக்ரிலிக் வெயிலில் லேசாக மஞ்சளாவது சாதாரணம். அதற்கு முந்தைய, 1910 முதல் 30-கள் வரை புழங்கிய உடையாக் கண்ணாடிகள் பல செல்லுலாய்டு. அக்ரிலிக் 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. செல்லுலாய்டு நாள்பட்டால் தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் போகும், சிதையும்போது அமில ஆவி விடும், உள்ளே உள்ள இரும்பு முட்கள் துருப்பிடிக்கும். அந்த வகைக் கண்ணாடியை மூலப்பொருள் என்று பாதுகாப்பதில் அர்த்தமில்லை. வாட்ச்சிலிருந்து கழற்றித் தனியாக வைக்க வேண்டும். கைமுடுக்கின் வாட்ச் அந்தக் காலத்தது அல்ல, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

கைமுடுக்கு எழுதியது:

ரிப்பேர்காரர் திறந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்ற முதலில் வெளியிலிருந்து நகம் நகமாகப் பிடிக்கும் ஒரு கருவியை எடுத்தார், வளையத்தைப் பார்த்ததும் வைத்துவிட்டார்.

லூப்கண் எழுதியது:

விவரம் தெரிந்தவர். அந்தக் கருவி அக்ரிலிக்கைச் சுற்றிப் பிடித்துச் சுருக்கும். உள்ளே வளையம் இருந்தால் சுருங்க இடமில்லை, அழுத்தினால் கண்ணாடி வெடிக்கும். டென்ஷன் ரிங்கை மிஷினை வெளியே எடுத்துவிட்டு உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். பொருத்துவது மேலிருந்து அழுத்தும் பிரஸ்ஸில், கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் படுகிற அச்சை வைத்து. நடுமேட்டில் அழுத்தினால் கோடு விடக்கூடும்.

கைமுடுக்கு எழுதியது:

அப்படித்தான் உள்ளிருந்து தள்ளி எடுத்தார். கேஸின் உள்விட்டம் இரண்டு திசையிலும் 29.9. பழைய கண்ணாடி ஒரு திசையில் 29.9, மறு திசையில் 30.0. முத்திரை எதுவும் இல்லை. 30.0, 30.1 இரண்டிலும் வெள்ளி வளையத்தோடு உயர்மேடு வகைக்குச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

வளையல்மணி எழுதியது:

சரி. முதலில் 30.0-ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொருத்திய பிறகு விரல் நுனியால் லேசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் அதுவே போதும், 30.1 கையில் இருக்கிறதே என்று அதைத் திணிக்க வேண்டாம்.

பொருத்துவதற்கு முன் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்கட்டும். ஸ்பிரிட், அசிட்டோன், ஜன்னல் துடைக்கும் திரவம் எதுவும் அக்ரிலிக்கில் படக் கூடாது. பட்டால் கொஞ்ச நாளில் வலை வலையாக நுண்கோடுகள் எழும். பொருத்திய பிறகும் இதே விதிதான், வாட்ச்சைத் துடைக்கிறேன் என்று கை கழுவும் ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள்.

கைமுடுக்கு எழுதியது:

30.0 இறுக்கமாக உட்கார்ந்துவிட்டது, திருப்பினால் அசையவில்லை. நொடிமுள் எங்கும் தயங்கவில்லை. டயலின் நிமிடக் கோடுகள் முழுதாகத் தெரிகின்றன. டயல் இத்தனை வெளுப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. மஞ்சள் முழுக்கக் கண்ணாடியில்தான் இருந்திருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

இனிமேல் தண்ணீர் பட்டால் பரவாயில்லையா? திருகு மூடி, டென்ஷன் ரிங் என்று லூப்கண் சார் சொன்னாரே.

லூப்கண் எழுதியது:

கண்ணாடி ஓரம் இப்போது நன்றாக மூடியிருக்கும். கிரவுனின் உள்ளே உள்ள பழைய ரப்பரும் பின்மூடியின் வளையமும் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. காற்றழுத்தச் சோதனை செய்யும் இடத்தில் உலர்சோதனை செய்து பார்க்காதவரை கை கழுவும்போது கழற்றி வைத்துவிடுங்கள். சோதனையில் தேறினாலும் குளிக்கப் போட வேண்டாம்.

கீறல் விழுந்தால் பாலிவாட்ச் என்ற பாலிஷ் பசையில் மெல்லிய துணியைத் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் போதும். நகம் தட்டும் ஆழமான கீறலுக்கு மட்டும் 2000 நம்பர் ஈர உப்புத்தாளில் தொடங்கி மேலே போய்ப் பிறகு பாலிஷ் பசை. தேய்க்கும் சூட்டில் அக்ரிலிக் இளகும், இடைவெளி விட்டுத் தேய்க்கவும்.

நடுநொடி எழுதியது:

அடுத்த வருஷம் கீறலோட வந்து நிப்பாரு பாருங்க. அப்ப சஃபையரைப் பத்தி மறுபடி பேசுவோம்.

பழையபெட்டி எழுதியது:

அப்போது பாலிஷ் பசை கொடுப்போம், சஃபையர் இல்லை.

சதுரமுகம் எழுதியது:

இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது செவ்வக வாட்ச், கண்ணாடி வளைந்து கேஸோடு ஒட்டியிருக்கிறது. வளையம் கிடையாது. இதற்கும் 0.1 மி.மீ. பெரிதாக வாங்க வேண்டுமா?

வளையல்மணி எழுதியது:

இல்லை, அது முற்றிலும் வேறு. செவ்வகத்தில் சுருக்கி விரிக்கும் வித்தை நடக்காது. கண்ணாடி பள்ளத்தில் தளர்வில்லாமல், ஆனால் வலுக்கட்டாயம் இல்லாமல் உட்கார வேண்டும்; பிடிப்பது பசைதான். நீளம், அகலம், மூலைகளின் வளைவு, வில்லின் உயரம் நான்கும் பொருந்துவது கிடைக்காவிட்டால் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கி ஓரத்தை நுண்ணிய உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். தேய்த்துத் தேய்த்துக் கேஸில் வைத்துப் பார்க்க வேண்டும், மூலைகளைக் கடைசியில் தொடவும். பசைக்கு ஊசிமுனைக் குழாயில் வரும் வாட்ச் கண்ணாடிப் பசை, இல்லாவிட்டால் புறஊதா வெளிச்சத்தில் இறுகும் பசை. இரண்டாவதில் வெளிச்சம் காட்டும்வரை இறுகாது, நிதானமாக நேர்ப்படுத்தலாம்.

உங்கள் டயலிலும் பழுப்புப் பூச்சு இருக்கிறதா என்று முதலில் சொல்லுங்கள். படமும் அளவும் போட்டுத் தனி இழை திறந்துவிடுங்கள், அங்கே பார்க்கலாம்.